கார்வாரில் ஓர் ஆசாரமான சமையலறை

ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதியில் உள்ள அந்த அடுக்குமாடியில் முதல் மாடியைத் தாண்டும்போது மட்டும் எல்லோருடைய காலும் சற்று வேகம் பிடிக்கும். அங்கே யமுனா டீச்சர் கதவைத் திறந்து வைத்து, நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். படியேறுகிறவர் முகத்தை அவள் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பாள். கையில் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்துவிட்டால் தொலைந்தது.

“என்ன, இன்னிக்கும் அடுப்புக்கு லீவா?”

இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தம்பதி ஒருநாள் பரோட்டாவை ஹெல்மெட்டுக்குள் ஒளித்து எடுத்துப் போனார்கள். யமுனா மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். “ஹெல்மெட்டை நன்னா வெயில்ல காய வைங்கோ” என்றாள். அன்றிலிருந்து அவர்கள் லிஃப்டில்தான் போகிறார்கள். லிஃப்ட் ஓடாத நாட்களில் வீட்டிலேயே சமைக்கிறார்கள்.

உலகத்தை யமுனா சாப்பாட்டை வைத்து அளந்தாள். அந்த அளவில் தேறியவர் இதுவரை ஒருவரும் இல்லை. ஹோட்டல் சாம்பார் என்றால் கடலை மாவுக் கஞ்சி. கல்யாண வீட்டுக் கூட்டு என்றால் மாட்டுக்கு வைப்பது. ‘ப்யூர் வெஜ்’ என்ற பலகையைக் கண்டால் நின்று சிரிப்பாள். “அப்போ அழுக்கு வெஜ் எங்கே கிடைக்கும்னு கேளுங்கோ” என்பாள். புனேயில் இருக்கும் மருமகள் வைக்கும் சாத்தமுதை அவள் சாத்தமுது என்றும் சொல்வதில்லை, ரசம் என்றும் சொல்வதில்லை. வெந்நீர் என்பாள். அதை மருமகள் காதுபடவே சொன்னாள். சொன்ன வருஷத்திலிருந்து மகன் திருச்சிக்கு வருகிறானே தவிர, அம்மாவைப் புனேக்கு அழைப்பதில்லை.

திருச்சியில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கும் மேலாக மனையியல் ஆசிரியையாக இருந்தாள். பாடப் புத்தகத்தில் உணவுப் பொருள் தேர்வு என்று ஒரு அத்தியாயம் உண்டு. கத்தரிக்காய்க்கு அடுத்தது மீன். “நல்ல மீனின் கண்கள் பளபளப்பாக இருக்கும். செவுள் சிவந்திருக்கும். சதையை அழுத்தினால் குழி விழாது.” இதை யமுனா ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒப்பிப்பாள். “எழுதிக்கோங்கோ. மார்க் வரும். வேற ஒரு பிரயோஜனமும் இல்லை.” பாடத்தில் படம் இருந்த பக்கத்தை அவள் தன் புத்தகத்தில் பழுப்புத் தாள் ஒட்டி மூடியிருந்தாள்.

கணவர் அஞ்சல் துறையில் இருந்தார். வாய் பேசாதவர். அவர் வாயைத் திறந்தது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான் என்று யமுனாவே சொல்வாள். மூன்று வருஷத்துக்கு முன் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகுதான், தன் பேச்சைக் கேட்டுக்கொண்டு எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பது என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அவளுக்குத் தெரிந்தது. உறவுக்காரர்கள் வருஷா வருஷம் வேன் வைத்துத் திவ்ய தேசம் போவார்கள். போன முறை திருவெள்ளறையைத் தாண்டுவதற்குள்ளேயே, ஏற்பாடு செய்தவர் மனைவி கட்டிக்கொண்டு வந்த பொங்கலை ‘போஸ்டர் ஒட்டலாம்’ என்று சொல்லித் தொலைத்தாள். இந்த வருஷம் வேனில் இடம் இல்லை என்று செய்தி வந்தது. வேன் பாதி காலியாகப் போனதை அவள் பால்கனியிலிருந்து பார்த்தாள்.

ஆக, மிச்சம் இருந்தது இரண்டே பேர். பெலிண்டா, மஜீதா. மூவரும் கல்லூரியில் மனையியல் சேர்ந்து படித்தவர்கள். பெலிண்டா மேலப்புதூர்க்காரி. படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாமல் பொன்மலை ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மஜீதா பீமநகரில் தன் வீட்டு மாடியிலேயே சமையல் வகுப்பு நடத்தினாள். பாதித் திருச்சிக்குப் பிரியாணி கற்றுக் கொடுத்தவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். இந்த இருவர் வீட்டுக்கும் யமுனா நல்லது கெட்டதுக்குப் போவாள், ஆனால் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். உரித்துச் சாப்பிடும் பழமானால் ஒன்று எடுத்துக்கொள்வாள். அதையும் தானே உரிப்பாள். மற்றவர்களிடம் அவர்களைப் பற்றிப் பேசும்போது “கூடப் படிச்சவா” என்பாள். சிநேகிதிகள் என்ற வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் இருவர் மட்டும் மூணாறு போய்விட்டு வந்தார்கள். யமுனாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தில் இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கும் படத்தை மஜீதாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவள் முதல் மாடிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். படியேறுகிறவர்கள் யமுனா டீச்சருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்கள்.

எனவே இந்தத் தை மாதம் பெலிண்டா, “மூணு பேரும் கார்வார் போலாமா?” என்று கேட்டபோது யமுனாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று துள்ளிக் குதித்தது. முகத்தில் அதைக் காட்டவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். யமுனா வருவது அந்தக் கடைக்கு மட்டும்தான். அங்கேயும் காபி மட்டும்தான். அதையும் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கித்தான் குடிப்பாள்.

“கார்வாரா? அங்கே என்ன இருக்கு?”

“என் தம்பி ஜோஸ் நேவில இருந்தப்ப அங்கதான் போஸ்டிங். நான் ஒரு தடவை போனேன். மலை நேரா வந்து கடல்ல இறங்குதுடி. ஆறு வந்து சேருற இடம் இருக்கு பாரு, சாயங்காலம் அங்க நின்னா வீட்டுக்கு வரவே மனசு வராது.” பெலிண்டா கைபேசியில் படம் காட்டினாள். நீலமும் பச்சையுமாகக் கண்ணைக் கழுவிவிட்டது போல இருந்தது.

“படம் எடுத்தா நம்ம கொள்ளிடம் கூட அழகாத்தான் இருக்கும்” என்றாள் யமுனா. கைபேசியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. “சாப்பாடு?”

“ஆரம்பிச்சுட்டா” என்றாள் மஜீதா.

“ஆமா, ஆரம்பிப்பேன். கடலோர ஊர். காத்துலயே மீன் வரும். நீங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டாலே வயிறு நிறைஞ்சுடும். நான் என்ன பண்றது?”

“நான் ஒரு லாட்ஜ் பார்த்து வச்சிருக்கேன். சின்னதுதான், சுத்தமா இருக்கு. வாசல்லயே உடுப்பி சாப்பாட்டுக் கடை. வெங்காயம் பூண்டு இல்லாம கேட்டா கூடத் தருவாங்களாம். பேசிட்டேன்” என்றாள் மஜீதா.

“உடுப்பின்னு போர்டு எழுத என்ன, பெயிண்ட் இருந்தா போறுமே. உள்ள எவன் நின்னு கிண்டறான்னு உனக்குத் தெரியுமா?”

பெலிண்டா, அங்கே கன்னியர் மடம் ஒன்று விருந்தினர் விடுதி நடத்துகிறது, சைவச் சாப்பாடு மட்டும்தான், தோட்டத்துக் காய்கறி என்று தொடங்கினாள். யமுனா முடிக்க விடவில்லை.

“கேட்கவே நன்னா இருக்கு. ஸ்ரீரங்கத்துலேருந்து கிளம்பிப் போய் மடத்துல தளிகை. பெருமாள் பார்த்துண்டிருக்கார்டி.”

“பெருமாள் பார்த்தா சிரிப்பாரு. அவருக்கு உன் அளவு கோபம் வராது” என்றாள் பெலிண்டா.

“நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். சாப்பாட்டு விஷயத்தை என்கிட்ட விடுங்கோ” என்றாள் யமுனா. விட்டுவிட்டார்கள். விடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். விட்டால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியவில்லை.

யமுனாவின் அக்கா கணவர் வங்கியில் இருந்தவர். கர்நாடகத்தில் பல ஊர்களில் மேலாளராக இருந்தார். அவரிடம் கேட்டாள். “கார்வாரா? அங்கே எனக்கு ஒரு குடும்பம் நன்னா தெரியும். பிரபுன்னு. சரஸ்வத் பிராமணா. ரொம்ப ஆசாரம். வாசல்ல துளசி மாடம், உள்ளே சாளிக்ராமம். மாடியை வர்றவாளுக்கு வாடகைக்கு விடறா, சாப்பாடும் போடறா” என்றார். அவர் அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறார், சாப்பிட்டதில்லை. அதை யமுனா கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

வீட்டுக்காரம்மாள் சுனந்தா பிரபுவிடம் யமுனா ஆங்கிலத்தில் பேசினாள். பள்ளிக்கூட ஆய்வாளர் போலக் கேள்வி கேட்டாள். பிராமணர்கள்தானே? ஆம். கோத்திரம்? வத்ஸ கோத்திரம். யமுனாவின் பிறந்த வீட்டுக்கும் அதேதான். யமுனாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூஜை? தினமும் உண்டு. பண்டிகை நாட்களில் வெங்காயம் பூண்டு சேர்ப்பீர்களா? மாட்டோம். ‘நாங்கள் சைவம்’ என்று யமுனா சொன்னாள். தெரியும், உங்கள் உறவினர் சொன்னார், கவலையே வேண்டாம். இவ்வளவும் கேட்டவள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பிராமண வீட்டில் போய் அதை எப்படிக் கேட்பது? காலையில் எழுந்து பல் தேய்ப்பீர்களா என்று கேட்பது போல ஆகும்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் தன் நிபந்தனைகளை அனுப்பினாள். அந்த வீட்டில் இருக்கும் நாளெல்லாம் மூவருமே சைவம். முட்டை கலந்த பிஸ்கட் கூடப் பையில் வரக் கூடாது. மஜீதா வழியில் சாப்பிட எதுவும் கட்டிக்கொண்டு வர வேண்டாம். வெளியே போய் ரகசியமாகச் சாப்பிட்டுவிட்டு அந்த வாயோடு அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. “அவா எவ்வளவு ஆசாரமானவான்னு உங்களுக்குப் புரியாது. என் மானத்தைக் காப்பாத்துங்கோ.”

பெலிண்டா கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினாள். மஜீதா, “பல்லு தேய்க்கிற பேஸ்ட் சைவமா, டீச்சரம்மா?” என்று கேட்டாள்.

யமுனாவுக்குக் கடைசியாக ஒரு திருப்தி பாக்கி இருந்தது. சமையலறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் சமையல் நடக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். கழுவித் துடைத்த சமையலறை எல்லார் வீட்டிலும் லட்சணமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் காட்டச் சொன்னாள். சுனந்தா சந்தோஷமாகச் சம்மதித்தாள். அந்தக் காட்சியைத் தனியாகப் பார்க்க யமுனாவுக்கு மனம் வரவில்லை. லாட்ஜும் மடமும் பார்த்தவர்கள் ஓர் ஒழுங்கான வீட்டைப் பார்க்கட்டும் என்று இருவரையும் வரவழைத்தாள்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். யமுனா வீட்டில் அவர்கள் எல்லை கூடம்தான். அதைத் தாண்டினால் சமையலறை, பெருமாள் அறை. இதை யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே இருவரும் கூடத்து சோபாவோடு நின்றுவிடுவார்கள். யமுனா கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். மூன்று தலைகளும் நெருங்கின.

திரையில் சுனந்தா வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் மல்லிகைச் சரம். முதலில் துளசி மாடம் காட்டினாள். யமுனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு பூஜை அறை. “பாருங்கோ, விளக்கு எப்படித் தேய்ச்சு வச்சிருக்கா. கத்துக்கோங்கோ.” பிறகு சமையலறை. கல் மேடை, பித்தளைக் குடம், தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி. ஓரமாக ஒரு பெரிய தட்டு. அதில் வட்ட வட்டமாகத் துண்டுகள். மிளகாய்த் தூளும் மஞ்சளும் தடவி, சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு தட்டில் ரவை.

“சேனை வறுவல்!” என்றாள் யமுனா. “பாருங்கோடி, நம்மாத்துல பண்றாப்பலயே. ரவையில பொரட்டிப் போடறா. மொறுமொறுன்னு இருக்கும். நடுவுல என்னமோ கண்ணு மாதிரி இருக்கு, அந்த ஊர்ச் சேனை அப்படிப் போலிருக்கு. எத்தனை நேர்த்தியா நறுக்கியிருக்கா! இதைச் சொல்றேன் நான். ஹோட்டல்ல இந்தக் கை வருமா?”

திரும்பிப் பார்த்தாள். பெலிண்டா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மஜீதா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. நீ பேசு” என்றாள் மஜீதா.

யமுனா ஆங்கிலத்தில் சுனந்தாவைப் பாராட்டினாள். சேனையை முதலில் புளித் தண்ணீரில் வேகவைப்பீர்களா, நாக்கு அரிக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சுனந்தாவுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு துண்டை எடுத்துத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். மசாலாவுக்கு அடியில் வெள்ளைச் சதை, நடுவில் எலும்பு, ஓரத்தில் வெள்ளி போல மினுங்கும் தோல்.

இது இஸ்வண், காலையில்தான் படகிலிருந்து வந்தது என்றாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மீன் இல்லாமல் முடியாது. ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்று தெரியும். உங்களுக்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு. பருப்பும் பாகற்காயும் நானே செய்கிறேன். திங்கட்கிழமை வந்தீர்களானால் நாங்களும் மீன் தொட மாட்டோம்.

“வஞ்சிரம்” என்று மஜீதா மெதுவாக மொழிபெயர்த்தாள்.

யமுனா கைபேசியைத் தூக்கவில்லை. கையில் தொடவே கூசி, ஸ்பூன் காம்பால் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அதற்கு மேல் பெலிண்டாவால் முடியவில்லை. சோபாவில் சரிந்து, கண்ணில் நீர் வழிய, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மஜீதாவும் உடைந்துவிட்டாள்.

“செவுள் சிவப்பா இருக்கணும், அழுத்தினா குழி விழக் கூடாதுன்னு முப்பது வருஷம் பாடம் எடுத்தவ! நாக்கு அரிக்குமான்னு கேக்கறாடி!”

“அந்த ஊர்ச் சேனையாம்! கண்ணு வேற இருக்காம்!”

“கோத்திரம் கேட்டியே, கொழம்பு கேட்டியா?”

யமுனா நின்றுகொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் எரிந்தன. கார்வார்க்காரி மேல் கோபப்பட அவள் எட்டாத தூரத்தில் இருந்தாள். அத்திம்பேர் மேல் கோபப்பட அக்கா இருந்தாள். எட்டும் தூரத்தில் இருந்தவர்கள் இந்த இருவர்தான்.

“உனக்குப் பார்த்த உடனே தெரிஞ்சிருக்கு” என்றாள் மஜீதாவிடம். “வாயை மூடிண்டு இருந்தே. என்னை அந்த ஆத்துல கொண்டுபோய் உட்கார வச்சு வேடிக்கை பார்க்கலாம்னு.”

“சொல்லத்தான்டி வாயெடுத்தேன். நீ வறுக்கற பக்குவம் கேட்டுக்கிட்டு இருந்தே.”

“சிரிக்கத் தெரியறது. உங்களுக்கு என்ன, எதுவும் ஒண்ணுதான். ஊர்ல ஓடறது நீந்தறது எல்லாம் வயித்துக்குள்ள போறவாளுக்கு ஆசாரம்னா நகைச்சுவை. நாப்பது வருஷமா உங்க ரெண்டு பேர் வாடையையும் பொறுத்துண்டேனே, என்னைச் சொல்லணும்.”

சிரிப்பு நின்றுவிட்டது. மஜீதா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்ல உனக்குன்னு தனியா ஒரு மண்சட்டி வாங்கி வச்சிருந்தேன், யமுனா. அதுல யாரும் எதுவும் சமைச்சதில்ல. நீ ஒரு நாளாவது சாப்பிடுவேன்னு. என் மக கல்யாணத்துக்கும் நீ வாழைப்பழம்தான் சாப்பிட்டே. இப்ப அதுல கத்தாழை வளர்த்துக்கிட்டிருக்கேன்.” அவள் குரலில் கோபமே இல்லை. கடையில் விலை சொல்வது போலச் சொன்னாள்.

பெலிண்டா எழுந்து புடவையைச் சரி செய்தாள். “நாங்க கார்வார் போறோம். மஜீதா பார்த்த லாட்ஜுக்கு. வரணும்னா வா. ஆனா இந்தத் தடவை யாரும் உன்னைக் கெஞ்சப் போறதில்ல.”

“யாரு வரா? நீங்களே போங்கோ. மீனோட மீனா நீந்திட்டு வாங்கோ.”

அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு இடத்தில் நின்றது. யமுனா நிலைப்படி வரை வந்துவிட்டாள். ஆனால் பெலிண்டா முழங்கால் வலிக்காகத்தான் நின்றிருக்கிறாள். சத்தம் மறுபடி தொடங்கி, தெருவில் கலந்துவிட்டது.

வழக்கமாக இரண்டு நாள் போனால் பெலிண்டா ஏதாவது ஒரு பாட்டோ, பூனைப் படமோ அனுப்புவாள். அதற்கு யமுனா பதில் போட மாட்டாள். மறுநாள் மஜீதா, “டீச்சரம்மா கோபம் தணிஞ்சதா?” என்பாள். அதற்கு ஓர் ஏளனமான பதில் போட்டதும் எல்லாம் பழையபடி ஆகும். கெஞ்சல் என்று அதற்குப் பெயர் உண்டு என்பதே யமுனாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. இந்த முறை பாட்டு வரவில்லை. பூனையும் வரவில்லை. கைபேசி சத்தம் போடும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தாள். மின் கட்டணம், நகைக் கடைத் தள்ளுபடி, புனேயிலிருந்து பேரன் படம்.

அவர்களைப் பற்றி மனதுக்குள் பேசித் தீர்த்தாள். பெலிண்டா இட்லியைச் சர்க்கரை தொட்டுத் தின்பவள், அவளுக்கு என்ன நாக்கு. மஜீதா எதிலும் பட்டை கிராம்பு போடுபவள், கொடுத்தால் பாயசத்திலும் போடுவாள். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, இந்த விஷயங்களைச் சொல்வதற்கும் அவர்கள் எதிரே இருந்தால்தான் ருசி என்று தோன்றியது. காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்த காயில் ஒரு துண்டு சேனை இருந்தது. வட்டமாக நறுக்கி மிளகாய்த் தூள் தடவினாள். தட்டைச் சற்று நேரம் பார்த்தாள். அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை மூவர் குழுவில் பெலிண்டா ஒரு படம் போட்டாள். ரயில் டிக்கெட். மங்களூர் வரை, அங்கிருந்து கார்வார். பயணிகள் பெயர் இரண்டு. அதற்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை. யமுனா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள், மூன்றாவது பெயர் எங்காவது ஒளிந்திருக்குமோ என்பது போல. கண்முன்னே மூணாறு படம் வந்தது. இந்த முறை தேயிலைக்குப் பதில் கடல் இருக்கும். கன்னத்தோடு கன்னம் அதேதான் இருக்கும். அவள் மறுபடியும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாம் மாடிக்குப் போகிற பரோட்டாவை மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பாள்.

பால் குக்கர் விசிலடித்தது. அதை அணைத்துவிட்டு மஜீதாவை அழைத்தாள்.

“சொல்லு” என்றாள் மஜீதா.

“அந்த லாட்ஜ்ல ரூம் எப்படி?”

“நல்லா இருக்கு.”

“எத்தனை கட்டில்?”

“ரெண்டு. ரெண்டு பேருதானே போறோம்.”

மஜீதா உதவிக்கு வரவில்லை. பின்னால் அவள் வீட்டில் எதுவோ தாளிக்கும் சத்தம் கேட்டது.

“எக்ஸ்ட்ரா மெத்தை போடுவானான்னு கேளேன்.”

“நீயே கேளு. நம்பர் அனுப்பறேன்.”

“நானா? எனக்கு அவனை முன்ன பின்ன தெரியாது.”

“கார்வார் பிரபுவை மட்டும் தெரிஞ்சா கோத்திரம் கேட்டே?” என்றாள் மஜீதா. குரலில் பழைய குறும்பு இருந்ததா இல்லையா என்று யமுனாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. தொடர்பு துண்டிக்கப்பட்டது. நம்பர் வந்தது.

தன் வாழ்நாளில் யமுனா ஒரு லாட்ஜ்காரனிடம் பேசியதில்லை. அந்த வேலையைக் கணவர் செய்வார், அவள் போய் இறங்கித் தலையணை உறையில் குறை கண்டுபிடிப்பாள். எதிர்முனையில் பேசியவன் ஹிந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்கு வந்தான். அறை மஜீதா மேடம் பெயரில் இருக்கிறது, ஆனால் அது இருவர் தங்கும் அறை என்றான். கூடுதலாக ஒரு மெத்தை தரையில் போடலாம், அவ்வளவுதான். குளியலறைக் கதவை ஒட்டித்தான் இடம் இருக்கிறது. பரவாயில்லையா?

அவளுக்கு ஏழெட்டுப் பதில்கள் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. ஒவ்வொன்றும் அவனை ஒரு வாரம் தூங்கவிடாது. தலையணை உறை, குளியலறை நாற்றம், உடுப்பிப் பலகை, அவன் ஆங்கிலம் எல்லாம் அதில் இருந்தன.

“பரவாயில்லை” என்றாள்.

வாசல் கடையில் சாப்பாடு வேண்டுமா, முன்கூட்டியே சொல்லி வைக்கவா என்றும் கேட்டான். “வெங்காயம் பூண்டு இல்லாமல் ஒன்று” என்றாள். “மற்ற இரண்டு பேர் எங்கே என்ன சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அது அவர்கள் பாடு.” அந்தக் கடைசி வாக்கியம் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

ரயிலில் அவர்கள் பெட்டியில் இடமில்லை. வேறு பெட்டியில் கீழ்ப் படுக்கை கிடைத்தது. டிக்கெட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். மன்னிப்பு என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதினாள். அழித்தாள். அந்த வார்த்தையைத் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் வேறு யாரோ எழுதியது போலவே இருந்தது. கடைசியில் இப்படி அனுப்பினாள்:

“மெத்தைக்குச் சொல்லியாச்சு, பாத்ரூம் கதவை ஒட்டித்தான் இடமாம். புளிக்காய்ச்சல் கொண்டு வரேன், மூணு பேருக்கும். ராத்திரி கீழே படுக்க வேண்டியது பெலிண்டா.”

புளியை ஊறப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு பெலிண்டா எழுதினாள்: “என் முழங்காலுக்குத் தரையில படுத்தா கிரேன் வச்சுத்தான் தூக்கணும். திமிர் புடிச்சவளே, நீயே படு.”

மஜீதா எழுதினாள்: “அவ பாத்ரூம் பக்கம் படுத்தா நாம ராத்திரி எப்படிடி போறது? தாண்டித்தான் போகணும். ஆசாரம் கெட்டுடும்.”

யமுனா அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். உங்களோட பெரிய இம்சை என்று தட்டச்சு செய்து அனுப்பாமல் நிறுத்தினாள். அதை அழித்துவிட்டு எழுதினாள்:

“தாண்டிக்கோங்கோ. மிதிக்காம இருந்தா சரி.”